குளிர்காலக் கெண்டைக்கு மண்புழுவா, மக்காச்சோளமா?

ஜூன் பிறந்து குளிர்காலம் வந்தால் தென்னாப்பிரிக்காவின் டர்பன்காரர்கள் பலர் மத்தி வரவைப் பார்த்துக் கடற்கரைக்குப் போவார்கள். கெண்டைக்காக ஹோவிக் பக்கம் மிட்மார் அணைக்குப் போகிறவர்களின் கேள்வி வேறு: தூண்டிலில் எதைக் கோப்பது?

செலவு: புழு தோட்டத்தில் சும்மாவே கிடைக்கும். சோளமும் மலிவுதான்.

கிடைப்பது: இந்த ஊர்கள் இருக்கும் குவாசூலு நட்டால் மாகாணத்தில் குளிர்காலம் மழையற்ற காலம். மண் காய்ந்து புழு ஆழத்துக்கு இறங்கிவிடும். வாழையடி ஈரத்திலும் எருக்குழியிலும் தோண்டிப் பாருங்கள். சோளத்துக்கு இந்தத் தொல்லை இல்லை.

நிலைப்பது: ஊறவைத்து வேகவைத்த சோளம் தூர வீசினாலும் கொக்கியில் நிற்கும். புழு அறுந்து போகும், சின்ன மீன்களும் கொத்தும். குளிரில் அவையும் மந்தம் என்பதால் அது பெரிய குறையில்லை.

மீனை இழுப்பது: இதுதான் முக்கியம். நீர் குளிர்ந்தால் கெண்டைக்குச் செரிமானம் மந்தமாகும். கொஞ்சம்தான் தின்னும், இரை தேடி அதிகம் அலையாது. நெளிந்து வாசனை விடும் புழு அந்தச் சோம்பல் மீனையும் தூண்டும். சோளம் சும்மா கிடக்கும். அப்புறம், கோடையில் போல அள்ளி அள்ளித் தூவாதீர்கள். நாலைந்து சோள மணிகள் போதும். அதிகம் போட்டால் மீன் அதிலேயே வயிறு நிறைத்துக்கொள்ளும்.

உறைபனிக் காலைகளுக்கு அடுத்த நாட்களில், சில மணி நேரமே கிடைப்பவர்களுக்குப் புழுதான் சரி. வெயில் ஏறிய மதியத்தில், ஆழமற்ற ஓரத்தில் போடுங்கள். இரவு தங்கிப் பெரிய கெண்டைக்குப் பொறுமையாகக் காத்திருப்பவர்கள் சோளத்தையே கோக்கலாம்.