வாயை அடைக்க அறுபத்தெட்டு நாள்: தகவல் உரிமை விண்ணப்பம் போட்டுப் பார்த்தேன்

வட்ஸ்அப்பில் ஒருவருடைய வாயை அடைக்க வேண்டும் என்ற ஆத்திரத்தில்தான் இந்தச் சேவையைப் பயன்படுத்தினேன், அதை மறைத்து நல்ல பிள்ளை மாதிரி எழுத விருப்பமில்லை. சேவை என்றது அரச அலுவலகத்திடம் இருக்கிற பதிவைக் கேட்டு, இலங்கையின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் போடுகிற விண்ணப்பம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது, ஆனால் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, எங்கள் படுவான்கரைப் பக்கம் எனக்குத் தெரிந்தவர்களில் ஒருவர்கூட அதைத் தொட்டுப் பார்த்ததில்லை. கொத்துக் கடைக்கும் ஃபோனுக்கும் விமர்சனம் எழுதுகிறோம், இதற்கும் ஒன்று இருக்கட்டும். 5க்கு மூன்றரை கொடுக்கிறேன்.

நடந்தது இதுதான். 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன்னம், மார்ச் கடைசியில், முந்தின பிரதேச சபையில் உறுப்பினராக இருந்த ஒரு வேட்பாளர் முகப்புத்தக நேரலையில் வந்து, "கடந்த அஞ்சு வருசத்துக்குள்ள எங்கட சபை பன்ரெண்டு கிலோமீற்றர் கொங்கிறீட் வீதி போட்டிருக்கு" என்றார். பெரியப்பா அந்த வீடியோவைக் குடும்பக் குழுவில் போட்டு, கீழே மூன்று கைகூப்பும் வைத்துவிட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். "மூன்றைத் தாண்டாது" என்று எழுதினேன். அந்த மூன்று எங்கிருந்து வந்தது என்று கேட்டால், எங்கள் ஒழுங்கை, கோயில் வீதி, பள்ளிக்கூடத்துக்குக் கிறுகிற வீதி, இவற்றில் மோட்டார் சைக்கிளில் போய் வந்த ஞாபகம், வேறொன்றுமில்லை. "மனே, நீ ரவுணில இருந்துகொண்டு ஊர் வீதிய அளக்காத" என்று பெரியப்பா குரல் பதிவு அனுப்பினார். அதற்குப் பிறகு மச்சான்மார் இறங்கினார்கள், ஒருவர் பழைய புகைப்படம் போட்டார், மற்றவர் அது வேறு ஊர் என்றார், ராத்திரி பதினொரு மணிக்குக் குழுவில் நூற்றுச் சொச்சம் செய்தி, ஆனால் அளந்து பார்த்த ஒரு ஆள் இல்லை.

நாட்டளவு விஷயம் என்றால் இவ்வளவு பாடில்லை. வெரிட்டே ரிசர்ச் நடத்துகிற ஃபெக்ட்செக் தளம் இருக்கிறது. அரசியல்வாதி சொன்னதை எடுத்து, மத்திய வங்கி, புள்ளிவிபரத் திணைக்களம் மாதிரியான இடங்களின் தரவோடு ஒப்பிட்டு, சரி, பகுதி சரி, பிழை என்று தீர்ப்புப் போடுவார்கள். எனக்கு அதில் பிடித்தது நடுவில் இருக்கிற அந்தப் 'பகுதி சரி'தான், ஏனென்றால் எங்கள் சண்டைகளில் முக்கால்வாசி அந்தப் பெட்டிக்குள்தான் விழும். 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம், அடுத்த வருடம் நடுப்பகுதியில் ஒற்றை இலக்கம். மேடையில் ஒருவர் "பணவீக்கத்தக் குறைச்சிட்டம்" என்கிறார், "அப்ப ஏன் சாமான் விலை இறங்கல்ல, பொய் சொல்றான்" என்று கேட்கிறவர்கள் கத்துகிறார்கள். எண் சரி. விலை ஏறுகிற வேகம்தான் குறைந்தது, ஏறின விலை பெரும்பாலும் ஏறினபடியே நின்றது. அதை விலை இறங்கின மாதிரி மேடையில் சொல்வது ஒரு தந்திரம், எண்ணையே பொய் என்பது இன்னொரு அவசரம். சரி, இதையெல்லாம் தளத்தில் பார்க்கலாம், எங்கள் ஒழுங்கைக்கு எந்தக் கொழும்புத் தளமும் நாடா பிடித்துக்கொண்டு வராது. அதற்கு இந்த விண்ணப்பம் ஒன்றுதான் வழி.

விண்ணப்பம் போடக் காசு இல்லை. பதிவுத் தபாலுக்கும் பஸ்ஸுக்கும்தான் செலவு. ஆர்டிஐ 01 என்ற படிவம் இருக்கிறது, அது இல்லாவிட்டால் சாதாரணக் கடிதமும் போதும், எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் தகவல் உத்தியோகத்தர்தான் எழுதிக்கொள்ள வேண்டும். தமிழில் கொடுக்கலாம். இந்த இடத்தில் முழுப் புள்ளி.

நான் முதலில் எழுதினது படு மோசம்: "வேட்பாளர் இன்னார் சொன்ன பன்னிரண்டு கிலோமீற்றர் உண்மையா?" அலுவலகத்திடம் இருக்கிற பதிவைத்தான் கேட்கலாம், அவர்களுடைய அபிப்பிராயத்தை இல்லை. நல்ல வேளை, அனுப்ப முன்னம் ஒரு ஆசிரிய நண்பர் பார்த்துக் கிழித்தே போட்டார். இரண்டாம் தடவை எழுதினது: 2020 ஜனவரி 1 தொடக்கம் 2024 டிசம்பர் 31 வரை சபையால் கொங்கிறீட் இடப்பட்ட வீதிகளின் பெயர், நீளம், வேலை முடிந்த திகதி, நிதி வந்த வழி. இதைப் பயன்படுத்தப் போகிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம், திகதியையும் அலகையும் போடாமல் கேட்டால் "பல வீதிகள் செப்பனிடப்பட்டன" என்று ஒரு வரியில் அனுப்பிவிடுவார்கள்.

ஏப்ரல் 3 காலை நேரில் போய்க் கொடுத்தேன். எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. மேசைக்குப் பின்னால் இருந்தவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி இரண்டு தரம் வாசித்துவிட்டு, "ஏன் தம்பி இதெல்லாம் கேக்கிறீங்க?" என்றார். சட்டப்படி காரணம் சொல்லத் தேவையில்லை. அதை எப்படிச் சொன்னாலும் திமிராகத்தான் கேட்கும், "சும்மா அறிய" என்றேன். கிடைத்ததற்குப் பற்றுச்சீட்டுக் கேட்டபோது இறப்பர் முத்திரையைத் தேடத் தொடங்கினார். லாச்சியில் இல்லை, பக்கத்து மேசையில் இல்லை, கடைசியில் தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழே, ஈரத்தோடு இருந்தது. அதைத் துடைத்து அடித்தார், அரைவாசிதான் விழுந்தது. ஆள் நல்ல மனிதர், மூன்று பேருடைய வேலையை ஒருவராகப் பார்க்கிறார் என்று பார்த்தாலே தெரிந்தது. ஊழியருக்கு நான் புள்ளி குறைக்கவில்லை.

குறைத்தது நேரத்துக்கு. 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சித்திரை வருடப்பிறப்பு, பெரிய வெள்ளி எல்லாம் இடையில் வர ஏப்ரல் கடைசியாகிவிட்டது, அப்போது வந்தது பதில் இல்லை, கால நீடிப்புக் கடிதம். அதற்கும் சட்டத்தில் இடம் உண்டு, 21 நாள் வரை. அந்த 21 நாளும் முடிந்து ஒரு சத்தத்தையும் காணோம். மறுகா குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அவருக்கு மூன்று கிழமை. அவரும் சரிவராவிட்டால் கொழும்பில் தகவல் உரிமை ஆணைக்குழு. நல்ல காலம், அதுவரை போகவில்லை. ஜூன் 10 பதில் வந்தது. தேர்தல் முடிந்து ஒரு மாதம் தாண்டிவிட்டது, எங்கள் வேட்பாளர் சத்தியப்பிரமாணமும் எடுத்துவிட்டார். வாக்குப் போட முன்னம் தெரிய வேண்டியது வாக்குப் போட்ட பிறகு தெரிவதென்றால், கல்யாணம் முடிந்த பிறகு சாதகம் பார்ப்பது போலத்தான்.

ஆனால் அந்த இரண்டு ஏ4 தாள் இருக்கிறதே, அதற்காகவே மூன்றரை. பதிவேட்டில் இருந்து போட்டோப் பிரதி எடுத்த அட்டவணை, ஒவ்வொரு ஒழுங்கையும் மீற்றரில். கூட்டிப் பார்த்தேன், 6.7 கிலோமீற்றர். பன்னிரண்டு இல்லை. மூன்றும் இல்லை. அவர் இரட்டிப்பாக்கினார், நான் பாதியாக்கினேன். கோயிலுக்குப் பின்னால் வயல் பக்கம் போகிற நான்கு ஒழுங்கைகளுக்கு நான் பத்து வருடமாகப் போகவே இல்லை, அவை எல்லாம் கொங்கிறீட்டாம்.

இதைவிடப் பெரிய விஷயம் திகதிக் கட்டத்தில் இருந்தது. 2018 பெப்ரவரியில் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச் 19இல் முடிந்தது. அந்த மார்ச் 9இல் நடக்க இருந்த தேர்தல் பணமில்லை என்று தள்ளிப்போனது, அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் சொன்னது. இடைப்பட்ட இரண்டு வருடம் தெரிவான உறுப்பினர் என்று ஒருவரும் இல்லை, அதிகாரிகள்தான் சபையை நடத்தினார்கள். 6.7இல் 2.9 கிலோமீற்றர் அந்தக் காலத்தில் போட்டது. அப்படியென்றால் 'எங்கட சபை' என்று அவர் சொந்தம் கொண்டாடக் கூடியது 3.8. எண்ணைப் பெருக்குவது சின்னக் களவு, 'எங்கட' என்ற சொல்லுக்குள் யாரைச் சேர்ப்பது என்பதில்தான் பெரிய வேலை நடக்கிறது. மண்முனைப் பாலத்தையே பாருங்கள். ஜப்பான் நன்கொடையில் கட்டி 2014இல் திறந்தது, அதற்கு முன்னம் 'பாதை' என்கிற மிதவைப் படகில்தான் வாவியைக் கடந்தோம். இன்றைக்குத் தேர்தல் மேடையில் அந்தப் பாலத்துக்கு எத்தனை தகப்பன்மார்!

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிரதேச செயலகம் வழியாக வந்த நிதியில் போட்ட வீதிகள் இந்தப் பட்டியலில் வராது, அது வேறு அலுவலகம், வேறு விண்ணப்பம். அதையும் சேர்த்துத்தான் அவர் பன்னிரண்டு என்றாரோ தெரியாது, இரண்டாவது விண்ணப்பம் போட்டிருக்கிறேன்.

வதந்திக்கு எதிராக இந்தச் சேவை சரிவராது. 2018 பெப்ரவரி 26 ராத்திரி அம்பாறை நகரத்தில் கடைச் சாப்பாட்டுக்குள் மலட்டு மாத்திரை என்று ஒரு கதை கிளம்பி, விடிய முன்னம் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது மாவுக் கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் சொன்னது பிறகு. அந்த வேகத்துக்கு முன்னால் 14 வேலை நாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது.

தாளைப் படம் பிடித்துக் குழுவில் போட்டேன். என் மூன்று பிழை என்றும் எழுதினேன், அதை மட்டும் எல்லாரும் கவனமாக வாசித்தார்கள். பெரியப்பா ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை, அடுத்த நாள் "சீல் தெளிவில்ல" என்றார். ஒரு கிழமை கழித்து வீட்டுக்கே வந்து, வாய்க்கால் துப்புரவு செய்ததாகச் சொல்கிறார்கள், அதற்கும் இப்படி ஒரு கடிதம் எழுதித் தா என்று கேட்டார். பேனையை எடுத்தேன்.

"எழுநூறு ஏக்கர் தண்ணியில்லாமக் கிடக்கு எண்டு முதல் வரியில போடு."

"எழுநூறு எண்டு ஆர் பெரியப்பா அளந்த?"

"அளக்கிற என்ன மனே, ஊரே சொல்லுதே."