அன்றாட ஒயின்: பாட்டிலா, பெட்டியா?

வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஒரே ஒரு கிளாஸ் குடிப்பவருக்கு உண்மையான செலவு விலைச்சீட்டில் இல்லை, கெட்டுப்போய்க் கொட்டுவதில் இருக்கிறது. 750 மி.லி. பாட்டிலைத் திறந்ததுமே காற்று உள்ளே போகிறது. மூடி ஃப்ரிட்ஜில் வைத்தாலும் மூன்று முதல் ஐந்து நாள்தான் தாங்கும். அதற்குப் பிறகு பழ வாசனை மங்கி, வினிகர் நெடி தலைகாட்டும்.

பெட்டி ஒயின் என்றால் அட்டைப் பெட்டிக்குள் ஒயின் நிரப்பிய பிளாஸ்டிக் பை, ஊற்ற ஒரு சிறு குழாய். 3 லிட்டர் பெட்டி என்பது நான்கு பாட்டில் அளவு. உள்ளே இருக்கும் பை, ஊற்ற ஊற்றச் சுருங்குவதால் காற்றுக்கு இடமில்லை. திறந்த பிறகும் நான்கு வாரம் போல நன்றாகவே இருக்கும். சிவப்பு ஒயின் என்றாலும் பெட்டியை ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஊற்றிய கிளாஸை 20 நிமிடம் வெளியே விட்டால் போதும். கடைசியில் குழாயில் வராவிட்டால் பையை வெளியே எடுத்து, ஒரு மூலையைத் தூக்கிப் பிடித்தால் இன்னும் ஒரு கிளாஸாவது தேறும்.

பெட்டியின் குறை வேறு இடத்தில். பிளாஸ்டிக் வழியே காற்று மெல்லக் கசியும், அதனால் திறக்காமலே ஒரு வருடத்துக்குள் சுவை போய்விடும். அடைத்த தேதி பார்க்காமல் வாங்கவே கூடாது. குழாய் சொட்டினால் அதுவும் காற்று போகும் வழிதான்.

பாட்டில் வாங்குவதென்றால் திருகுமூடி போட்டதே மேல்: மலிவான கார்க்கில் ஈரமான அட்டை போன்ற பூஞ்சை வாடை வரும் அபாயம் உண்டு. விருந்துக்கு, அல்லது புது வகையை ருசி பார்க்க, பாட்டில். பிடித்துப்போன வகைக்குப் பெட்டி.