காலா, நாலா? ஏறி இறங்கும் காதுக்கு ஒரு மெஷின்

காது மெஷின் விமர்சனம் என்றாலே எத்தனை சானல் (சத்தத்தை எத்தனை பிரிவாகப் பிரித்துக் கூட்டிக் குறைக்கும் என்ற கணக்கு), என்ன விலை, புளூடூத் உண்டா என்றுதான் எழுதுகிறார்கள். என் காதுக்கு அதெல்லாம் இரண்டாம்பட்சம். என் இடது காது ஒரு நிலையில் நிற்பதில்லை. திங்கட்கிழமை கடைக்கு வருகிறவர் முணுமுணுத்தால்கூட விளங்கும். வியாழக்கிழமை அதே ஆள் கல்லாவுக்கு முன்னால் நின்று சத்தமாகப் பேசினாலும் வாய் அசைவதுதான் தெரியும். கூடவே இரைச்சல், நெல் அரவை மில்லுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருப்பதுபோல. இந்த மாதிரிக் காது உள்ளவர்கள் மெஷின் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று தமிழில் தேடினால் உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குக் கும்பகோணத்தில் மளிகைக் கடை. காதை நம்பி நடக்கும் தொழில் என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. "கால் கிலோ" என்றாலும் "நாலு கிலோ" என்றாலும் எனக்கு வெறும் "ஆ..." என்றுதான் விழ ஆரம்பித்தது. காலா நாலா என்று திருப்பிக் கேட்டால் சிலர் சிரிப்பார்கள், சிலர் முகம் சுளிப்பார்கள். கடைப் பையன் மட்டும் புரிந்துகொண்டு எனக்குப் பின்னாலிருந்து, "அண்ணே, காலு" என்று விரலைக் காட்டுவான். பெண்கள், குழந்தைகள் சொல்வதாவது ஓரளவு பிடிபடும். ஆம்பளைக் குரல்தான் அடியோடு போகும். லோடு இறக்க வரும் டிரைவர் என்ன கேட்கிறார் என்று தெரியாமல் தலையாட்டுவது என் வழக்கமாகிவிட்டிருந்தது.

காது டாக்டர் சொன்னது மெனியர் நோய். உள்காதில் இருக்கும் நீரின் அளவு கூடி அழுத்தம் ஏறும்போது காது அடைக்கும், இரையும், கேட்பது குறையும், சில சமயம் தலை சுற்றும். இறங்கும்போது ஓரளவு திரும்பி வரும். ஆனால் ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் முழுசாகத் திரும்புவதில்லை என்பதுதான் தொல்லை. தலைசுற்றல் மூளையிலிருந்து வருவதாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், உள்காதிலிருந்தும் வரலாம் என்று பிரான்சு நாட்டு டாக்டர் பிராஸ்பர் மெனியர் 1861இல் எழுதினார். நோய்க்கு அவர் பெயர்தான். ஒரு பக்கக் காதில் மட்டும் இரைச்சல் என்பதால் எம்.ஆர்.ஐ. எடுத்தே ஆக வேண்டும் என்றார் டாக்டர். கேட்கும் நரம்பில் கட்டி இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான் அது. செலவைப் பார்த்து அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம் உப்பு. ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு எல்லாம் கட். நாள் முழுக்க அப்பளக் கட்டு விற்றுவிட்டு ராத்திரி மோரை உப்பில்லாமல் குடிப்பவனின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். ஒரு டீஸ்பூன் உப்பு என்றால் சுமார் 5 கிராம். ஒரு நாளைக்கு அதற்கு உள்ளேதான் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் எல்லோருக்கும் சொல்லும் அளவு. எனக்கு அதையும்விடக் குறைவு. குறைத்ததில் தலைசுற்றல் குறைந்தது. இரைச்சல் குறையவில்லை, வருஷத்துக்கு வருஷம் கூடத்தான் செய்தது. டின்னிட்டஸ் என்று டாக்டர்கள் சொல்லும் இந்தக் காது இரைச்சலை அடியோடு நிறுத்தும் மாத்திரை என்று ஒன்று இன்றைக்கு வரை கிடையாது. நிறுத்துகிறேன் என்று சொட்டு மருந்து விற்கிற விளம்பரங்களைத் தாண்டிப் போய்விடுங்கள்.

மெஷின் கதைக்கு வருகிறேன். முதலில் போனது பக்கத்தில் இருந்த ஒரு கடை. பெயர் வேண்டாம். ஏ.சி. ரூம், கண்ணாடி மேஜை, டை கட்டிய தம்பி. ஆடியோகிராமை (எந்தச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் டெஸ்ட் காகிதம்) ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சார், 8 சானல் வேண்டாம், 16 எடுத்துக்கங்க" என்றார். காதுக்குப் பின்னால் உட்கார்ந்து, மெல்லிய ஒயர் வழியாகக் காதுக்குள் சின்ன ஸ்பீக்கர் போகும் வகை. நுனியில் ஓட்டை ஓட்டையாக ஒரு ரப்பர் குடை, ஓப்பன் டோம் என்பார்கள். போட்டால் லேசாக இருந்தது, உண்மைதான். ஆனால் கடைக்கு வந்து உட்கார்ந்தால் காலா நாலா குழப்பம் அப்படியே இருந்தது. போன் பண்ணினால், "பழகிடும் சார்". பழகவில்லை. தவணை கொடுத்திருந்ததால் பணத்தைத் திரும்ப வாங்கப் பட்ட பாடு தனிக்கதை.

ஏன் பழகவில்லை என்பது தஞ்சாவூரில்தான் விளங்கியது. இந்த விமர்சனம் அந்தத் தஞ்சாவூர்க் கடைக்குத்தான். சின்ன இடம், மாடிப்படி ஏற வேண்டும், தலைசுற்றல் உள்ளவர்களுக்குக் கைப்பிடியாவது போட்டிருக்கலாம். ஆடியாலஜிஸ்ட், அதாவது காது கேட்பதைச் சோதித்து மெஷின் பொருத்துகிறவர், முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவுச் சான்றிதழ் சுவரில் தொங்கியது. (இந்தியாவில் ஆடியாலஜிஸ்டாகத் தொழில் செய்ய அந்தப் பதிவு வேண்டும். நீங்கள் போகும் இடத்தில் அதைக் கேட்டுப் பாருங்கள். கேட்டதற்குக் கோபப்பட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.) என் காதைப் பார்ப்பதற்கு முன்னால், "சார், பழைய ஆடியோகிராம் எத்தனை இருக்கு? எல்லாத்தையும் கொடுங்க" என்று வாங்கி மேஜையில் வரிசையாகப் பரப்பினார். 250 ஹெர்ட்ஸ் என்ற கட்டத்தில், அதாவது கனத்த அடிச் சத்தத்தில், ஒரு காகிதத்தில் 30 டெசிபல், இன்னொன்றில் 60. எண் கூடினால் கேட்பது குறைவு என்று அர்த்தம். 2000 ஹெர்ட்ஸில் மட்டும் எல்லாக் காகிதத்திலும் ஏறக்குறைய ஒரே புள்ளி. "உங்களுக்கு அடிச் சத்தம்தான் போகுது, அதுவும் ஏறி இறங்குது. ஓப்பன் டோம் போட்டா, மெஷின் கொடுக்கிற அடிச் சத்தம் பூரா அந்த ஓட்டை வழியா வெளியே ஓடிடும். 16 சானல் இருந்து என்ன பண்ண?" என்றார். இவ்வளவுதான் விஷயம். வயதானவர்களுக்கு வழக்கமாகப் போவது கீச்சுச் சத்தம். அவர்களுக்கு ஓப்பன் டோம் சரி. எனக்கு நேர் எதிர்.

காதுக்குள் மாவு மாதிரி ஒன்றைச் செலுத்தி அச்சு எடுத்து மோல்டு செய்து கொடுத்தார். அதில் ஒரு வில்லங்கம் உண்டு. காதை அடைத்ததும் என் குரலே தலைக்குள் முழங்க ஆரம்பித்தது. அப்பளம் தின்னக் கூடாது என்பதால் தப்பித்தேன், கேரட் கடித்தாலே இடி. மோல்டில் ஒரு சின்ன துளை போட்டு அதைக் குறைத்தார். துளை பெரிதானால் அடிச் சத்தம் ஓடும், சிறிதானால் முழக்கம் கூடும். நடுவில் ஓர் இடத்தைப் பிடிக்கக் கொஞ்ச நாள் பிடித்தது. அப்புறம் மெல்லிய குழாய் ஒன்றைக் காதுத் துவாரத்துக்குள் விட்டு, மெஷின் கொடுக்கும் சத்தம் செவிப்பறைப் பக்கத்தில் எவ்வளவு வருகிறது என்று கம்ப்யூட்டரில் அளந்தார். முந்தைய கடையில் அந்தக் கருவியே கிடையாது.

இனி மெஷின். கம்பெனி பெயரை எழுதப்போவதில்லை. இந்த வேலைகளைச் செய்யும் மாடல் எல்லாப் பெரிய கம்பெனியிடமும் உண்டு, என் காதுக்குச் சரியானது உங்களுக்குச் சரியாகாது. 312 நம்பர் பேட்டரி, பழுப்பு கலர் ஸ்டிக்கர் ஒட்டியது. ஸ்டிக்கரை உரித்ததும் ஒரு நிமிஷம் காற்றுப் படவிட்டு, பிறகு மெஷினில் போட வேண்டும். உரித்த உடனே போட்டால் சீக்கிரம் தீர்ந்துபோகும். இதை எந்த விற்பனையாளரும் சொல்வதில்லை. சார்ஜ் பண்ணும் வகையும் இருந்தது. கடையில் நடுப்பகலில் சார்ஜ் போனால் கழற்றி வைத்துவிட்டு உட்கார முடியாது என்பதால் பேட்டரி வகை எடுத்தேன்.

முக்கியமானது, பட்டனை அழுத்தினால் மாறும் நான்கு புரோகிராம். ஒன்று, காது நன்றாக இருக்கும் நாளுக்கு. இரண்டு, அடைத்துக்கொண்ட நாளுக்கு, அதில் அடிச் சத்தம் நிறையக் கூட்டிக் கொடுக்கும். மூன்று, கடைக் கூட்டத்துக்கு, எதிரில் நிற்பவர் குரலை மட்டும் முன்னால் கொண்டுவர. நான்காவதில் பேச்சோடு சேர்த்து மெல்லிய 'ஸ்ஸ்' சத்தம் ஓடும், இரைச்சலுக்காக. காலையில் பல் தேய்க்கும்போதே இன்றைக்கு ஒன்றா இரண்டா என்று தெரிந்துவிடும். கடையில் எலக்ட்ரானிக் தராசு ஒரு 'பீப்' கொடுக்குமே, அது எனக்கு இன்னும் நல்ல சோதனை. காது கெட்டிருக்கும் நாளில் அந்த 'பீப்' வலது காதில் ஒரு சுருதியிலும் இடது காதில் வேறு சுருதியிலும் கேட்கும். அப்படிக் கேட்டால் இரண்டாம் நம்பர். நல்ல நாளில் தெரியாமல் இரண்டில் விட்டுவிட்டால் டவுன் பஸ் தாண்டும்போதெல்லாம் பல் கூசும்.

நான்காம் நம்பரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நிறைய பேர் இதற்காகத்தான் மெஷின் வாங்குகிறார்கள். அந்த 'ஸ்ஸ்' சத்தத்தைக் கூட்டிக் கூட்டி இரைச்சலை மூடிவிடலாம் என்றுதான் கை போகும். ஆடியாலஜிஸ்ட் விடவில்லை. "மூடாதீங்க சார். உங்க இரைச்சலும் கேக்கணும், இதுவும் கேக்கணும், ரெண்டும் கலக்கிற இடத்துக்குக் கொஞ்சம் கீழ வைங்க. மூளை அதை முக்கியமில்லைன்னு தள்ளணும்னா அது காதுல விழுந்துகிட்டே இருக்கணும்" என்றார். முதலில் எரிச்சலாக இருந்தது. வாரங்கள் போகப் போக, இரைச்சல் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தால்தான் கிடைக்கும் நேரங்கள் வர ஆரம்பித்தன. போய்விடவில்லை. அளந்தால் அதே அளவுதான். ஆனால் கணக்கு எழுதும்போது குறுக்கே வருவதில்லை. இன்னொன்றும் கவனித்தேன்: வெளிச் சத்தம் மெஷின் வழியாக நன்றாக உள்ளே வரும்போதே பாதி இரைச்சல் அமுங்கிவிடுகிறது, நாலாம் நம்பர் இல்லாமலேயே.

ராத்திரிக்கு மெஷின் உதவாது, கழற்றி சிலிகா ஜெல் டப்பாவில் வைத்தாக வேண்டும். எங்கள் ஊர் வேர்வைக்கு அந்த டப்பா இல்லாமல் முடியாது. தூக்கத்துக்குத் தலையணைக்கு அடியில் வைக்கும் தட்டையான சின்ன ஸ்பீக்கரும் போனில் மழைச் சத்தமும். ரீசவுண்ட் ரிலீஃப் என்ற ஆப் இலவசமாகவே கிடைக்கிறது, மெஷின் இல்லாதவர்களும் போடலாம், சத்தங்களை நமக்குப் பிடித்தபடி கலந்துகொள்ளலாம். மெஷினுக்குப் பணம் இல்லாதவர்கள் இதிலிருந்து ஆரம்பியுங்கள். வீட்டுக்காரி இதைப் போட்ட முதல் நாள் ராத்திரி, "என்னங்க, மழை பெய்யுதா, மாடியில துணி கிடக்குது" என்று எழுந்து ஓடினாள். இப்போது அவளுக்கும் அது இல்லாமல் தூக்கம் வருவதில்லை.

குறைகளும் உண்டு. அடைப்பு ரொம்ப அதிகமான நாளில் எந்த மெஷினும் உதவாது. சத்தம் வரும், சொல் வராது. அதைச் சரி செய்யும் புரோகிராம் கிடையாது. எவர்சில்வர் பாத்திரம் விழும் சத்தம் அந்த நாட்களில் சூடு வைத்த மாதிரி இறங்கும். மெல்லிய சத்தம் கேட்காது, பெரிய சத்தம் தாங்காது, இரண்டும் ஒரே காதில். உச்ச அளவைக் குறைத்துக் கொடுத்த பிறகு பரவாயில்லை, ஆனாலும் தலைசுற்றல் வந்தால் கழற்றிவிடுகிறேன். காது அழுக்கு ஸ்பீக்கர் நுனியில் இருக்கும் குட்டி வடிகட்டியை அடைத்துவிடும். மெஷின் செத்துவிட்டது என்று பயந்து தஞ்சாவூர் பஸ் ஏறுவதற்கு முன்னால் அதை மாற்றிப் பாருங்கள். போன் ஆப் நினைத்தால் இணையும், நினைத்தால் இணையாது. நான் பட்டனோடு நிறுத்திக்கொண்டேன்.

விலை, ஒரு காதுக்கு 68,000 ரூபாய், மோல்டு தனி. காது மெஷினுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. பில்லில் வரி போட்டிருந்தால் கேளுங்கள். வாங்குவதற்கு முன் வீட்டுக்கு எடுத்துப்போய் சோதித்துப் பார்க்கக் கொடுத்தார்கள். முதல் வருஷம் திரும்பத் திரும்பப் புரோகிராம் மாற்றியது இலவசம், இப்போது தடவைக்கு 500. என் காது மாறிக்கொண்டே போவதால் நான் உண்மையில் வாங்கியது அந்த ஐந்நூறு ரூபாய் வேலையைத்தான் என்பேன். மெஷினுக்கு ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம், அந்தப் பெண்ணுக்கு ஐந்து. மாடிப்படிக்கு ஒன்று.

ஒரு எச்சரிக்கை. ஏறி இறங்கும் காதுதானே என்று எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள். திடீரென்று, ஒரே நாளில் ஒரு காது அடியோடு கேட்காமல் போனால் மெஷின் கடைக்குப் போகக் கூடாது, அன்றைக்கே காது டாக்டரிடம் போக வேண்டும். ஸ்டீராய்டு மருந்தைத் தொடக்கத்திலேயே கொடுத்தால்தான் பலன் அதிகம், நாளாக நாளாக வாய்ப்பு குறையும். ஆயிரத்தி ஐந்நூறு ரூபாய்க்கு ஆன்லைனில் வரும் சத்தம் கூட்டும் கருவியும் வேண்டாம். அது எல்லாச் சத்தத்தையும் ஒரேயடியாகத் தூக்கும், இந்த மாதிரிக் காதுக்கு அது தண்டனை.

இதுபோன்ற கடைக்குப் போகிறவர்கள் போன் பண்ணி நேரம் வாங்கிக்கொண்டு காலையில் போங்கள், சாயங்காலம் கூட்டம். பழைய ஆடியோகிராம் அத்தனையும் தேதிவாரியாக அடுக்கி எடுத்துப் போங்கள். முடிந்தால் காது கெட்டிருக்கும் நாளில் ஒரு தடவை, நன்றாக இருக்கும் நாளில் ஒரு தடவை டெஸ்ட் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரே ஒரு ஆடியோகிராமை வைத்து மெஷின் தருகிறேன் என்றால் வேறு கடை பாருங்கள்.