பாளையங்கோட்டையில் ஒரு திறனறிவு வகுப்பு: அலகைக் கைவிடாத கணக்கு

பாளையங்கோட்டையில் போட்டித் தேர்வுப் பயிற்சி வகுப்புகளுக்குப் பஞ்சமில்லை. பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்தால், மாடிப்படி தோறும் ஏதேனும் ஒரு தேர்வின் பெயர் தாங்கிய பலகை தொங்குவதைக் காணலாம். அவற்றுள், கணக்கையும் திறனறிவையும் தவிர வேறெதையும் கற்பிக்காத ஒரு மாலை வகுப்பில், தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதும் வேலையைப் பார்த்துக்கொண்டே சேர்ந்து, முழுப் பாடத்தையும் முடித்தேன். குறைகளையும் சேர்த்து எழுதவிருப்பதால் வகுப்பின் பெயரைத் தவிர்க்கிறேன். இவ்வூரில் விசாரிக்கத் தெரிந்தவர்களுக்கு, கணக்கு மட்டும் சொல்லித்தரும் வகுப்பு எது என்று கண்டுபிடிப்பது கடினமன்று.

டி.என்.பி.எஸ்.சி. தொகுதி 4 தேர்வில் உள்ள 200 வினாக்களில் திறனறிவுக்கு ஒதுக்கப்பட்டவை 25 மட்டுமே. ஆனால் தமிழையும் பொது அறிவையும் ஓரளவு சமமாகப் படித்துவரும் பெருங்கூட்டத்தில் தரவரிசையைப் பிரிப்பது பெரும்பாலும் இந்த 25-தான் என்பதால், இதற்கெனத் தனி வகுப்புத் தேடுவோர் மிகுதி. பிற இடங்களில் இதற்குக் கிடைப்பது ‘ஷார்ட்கட்’ எனப்படும் குறுக்குவழிச் சூத்திரங்களின் நீண்ட பட்டியல். நான் சேர்ந்த வகுப்பில் முதல் மாதம் முழுவதும் ஒரு குறுக்குவழியும் சொல்லப்படவில்லை. மாறாக, கரும்பலகையில் எழுதப்படும் ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அதன் அலகை எழுதியே ஆகவேண்டும் என்ற ஒரே விதி இடைவிடாமல் வற்புறுத்தப்பட்டது. அலகில்லாத எண் கண்ணில் பட்டால், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியரான எங்கள் சார் அந்த வரியை அப்படியே அழித்துவிடுவார்.

இது வெறும் சடங்கு என்று தொடக்கத்தில் பலரும் முணுமுணுத்தோம். வட்டிக் கணக்கு வந்த அன்று அந்த முணுமுணுப்பு நின்றது. 12,000 ரூபாயை இரண்டு வட்டிக்கு வாங்கிய ஒருவர் 15 மாதம் கழித்து எவ்வளவு வட்டி கட்டுவார் என்பது வினா. வகுப்பில் ஏறக்குறையப் பாதிப் பேர் 2 சதவீதம், ஒன்றேகால் ஆண்டு என்று போட்டு 300 ரூபாய் என எழுதியிருந்தனர். “ரெண்டுன்னா எதுக்கு ரெண்டு, எத்தனை நாளைக்கு ரெண்டு, அதைச் சொல்லுடே” என்றார் சார். நம் பக்கத்தில் இரண்டு வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய் என்பது கடன் வாங்கிய எந்த வீட்டுக்கும் தெரியும். தாளும் பேனாவும் கைக்கு வந்தவுடன் அது ஆண்டுச் சதவீதமாக உருமாறிவிடுகிறது. ‘100 ரூபாய்க்கு, 1 மாதத்துக்கு, 2 ரூபாய்’ என்று அலகோடு எழுதினால், மாதம் 240 ரூபாய், 15 மாதத்துக்கு 3,600 ரூபாய் என்பது சூத்திரம் எதுவுமின்றித் தானாகவே வந்துவிடும். ஊர் வழக்கின் ஒரு வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம் என்றும், ஆண்டுக்கு 9 சதவீதம் கேட்கும் வங்கிக் கடன் நம் பேச்சில் முக்கால் வட்டிதான் என்றும் அன்று அவர் விளக்கியது, தேர்வுக்கு வெளியேயும் கைகொடுக்கிற பாடம். நகைக்கடன் விளம்பரங்களில் பெரிதாக அச்சிடப்படும் வட்டி எண்ணுக்கு அருகில் மாதமா ஆண்டா என்று தேடும் பழக்கம் எனக்கு அதன்பின் வந்ததே.

ஆளும் நாளும் சார்ந்த கணக்குகளில் இந்த முறை இன்னும் அழகாகப் பொருந்துகிறது. ஆறு பேர் எட்டு நாளில் நட்டு முடிக்கும் வயலை நான்கு பேர் எத்தனை நாளில் நடுவார்கள் என்ற வினாவுக்கு, நேர்மாறல், எதிர்மாறல் என்று அம்புக்குறி போட்டுக் குழம்புவதே பள்ளியில் நாம் கற்றது. நடவு வேலைக்குக் கூலி கணக்கிடுபவர் எவரும் அம்புக்குறி போடுவதில்லை. ‘இந்த வயலுக்கு 48 ஆள்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். அந்த ‘ஆள்’ என்பது ஒருவர் ஒரு நாள் செய்யும் வேலையைக் குறிக்கும் முழுமையான அலகு. 48-ஐ நான்கால் வகுத்தால் 12 நாள். இரண்டு நாள் கழித்து இருவர் விலகினால் என்ன ஆகும், புதிதாக மூவர் சேர்ந்தால் என்ன ஆகும் என்று தேர்வுத்தாளில் வரும் எல்லாத் திருகல்களும் 48-இலிருந்து கழித்துக்கொண்டே போகும் சாதாரணக் கணக்காகிவிடுகின்றன. அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து வந்த மாணவர்கள் இதை எங்கள் எல்லோரையும்விட விரைவாகப் பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை.

நில அளவைப் பகுதிக்காகவே இந்த வகுப்பைப் பரிந்துரைப்பேன். பத்திரத்தில் சென்ட், பட்டாவில் ஹெக்டேரும் ஏரும், மனை விற்பவர் வாயில் சதுர அடி என்று ஒரே நிலம் மூன்று மொழி பேசும் ஊர் இது. ஒரு ஏக்கர் 100 சென்ட், அதாவது 43,560 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு ஏர் 100 சதுர மீட்டர், ஏறத்தாழ 2.47 சென்ட். இவற்றை மனப்பாடம் செய்யச் சொல்வதோடு வகுப்பு நிற்கவில்லை. ஒரு மீட்டர் 3.28 அடி என்று தெரிந்தவர்கூட ஒரு சதுர மீட்டரையும் 3.28 சதுர அடி என்றே எழுதிவிடும் தவற்றை, தரையில் சாக்பீஸால் ஒரு மீட்டர்ச் சதுரம் வரைந்து அதற்குள் அடிக் கட்டங்களைப் போட்டுக் காட்டி, ஏன் அது 10.76 ஆகிறது என்று விளக்கினார்கள். கன அளவுக்கு அதே பெருக்கல் மூன்று முறை நடக்கும் என்பதைச் சொல்லாமலேயே மாணவர்கள் ஊகித்தனர்.

அங்கிருந்து அணைக்கட்டுக் கணக்குக்குச் சென்றது, நான் இதுவரை கண்ட திறனறிவுப் பாடங்களிலேயே சிறந்தது. மழைக்காலத்தில் பாபநாசம் அணை எத்தனை அடி, மணிமுத்தாறு எத்தனை அடி என்று காலை நாளிதழில் பார்ப்பது இம்மாவட்டத்தின் வழக்கம். பாபநாசத்தின் முழு உயரம் 143 அடி, மணிமுத்தாற்றின் முழு உயரம் 118 அடி. ஆனால் இரண்டின் கொள்ளளவும் ஏறத்தாழ 5,500 மில்லியன் கன அடிதான். 25 அடி குறைவான அணை எப்படி அதே அளவு நீரைத் தேக்குகிறது என்று கேட்டுவிட்டு, பத்து நிமிடம் எங்களையே பேசவிட்டார்கள். உயரம் நீளத்தின் அளவு, நீர் கன அளவு, இடையில் நிற்பது நீர்ப்பரப்பின் விரிவு என்பது அந்தப் பேச்சிலிருந்தே வெளிவந்தது. மலையிடுக்கில் அமைந்த அணையின் அடிப்பகுதி குறுகலாகவும் மேற்பகுதி அகலமாகவும் இருப்பதால், பாதி உயரத்துக்கு நீர் நிற்கும்போது அணை பாதி நிறைந்திருப்பதாகக் கொள்ளக்கூடாது என்பதும் அதன் தொடர்ச்சி. அடுத்து, விநாடிக்கு 1,000 கன அடி வீதம் திறந்துவிட்டால் ஒரு டி.எம்.சி. நீர் வெளியேற எத்தனை நாளாகும் என்ற வினா. டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி, ஒரு நாளுக்கு 86,400 விநாடி என்று அலகுகளை வரிசையாக எழுதி அடித்துக்கொண்டே வந்தால் பதினொன்றரை நாளுக்குச் சற்று மேல் என விடை நிற்கிறது. செய்தியில் கன அடி என்று மட்டும் அச்சாகி ‘விநாடிக்கு’ என்ற சொல் விடுபடும்போதெல்லாம் எரிச்சல் வருவது இந்த வகுப்பு எனக்குத் தந்த பக்கவிளைவு.

மீச்சிறு பொது மடங்குக்கு அவர்கள் எடுத்த உதாரணத்தையும் சொல்லவேண்டும். திருநெல்வேலிச் சீமையில் நெல்லை அளந்த கோட்டை 21 மரக்கால் கொண்டது; கலம் 12 மரக்கால். எத்தனை கோட்டை எத்தனை கலத்துக்குச் சமமாகும்? 21-க்கும் 12-க்கும் பொதுவான சிறிய மடங்கு 84, ஆகவே நான்கு கோட்டை ஏழு கலம். இதோடு விட்டிருந்தால் அது வழக்கமான கணக்குத்தான். “ரெண்டு ஊர் மரக்காலும் ஒண்ணுதான்னு யாரு சொன்னா?” என்று சார் கேட்டதில்தான் பாடம் தொடங்கியது. மரக்கால் ஊருக்கு ஊர் வேறுபட்டது. ஆகவே இரண்டும் ஒன்றே என்ற அனுமானம் வினாவுக்குள் சொல்லாமல் ஒளிந்திருக்கிறது. இந்தக் குழப்பத்துக்கு முடிவுகட்டவே 1956-இல் எடை, அளவைத் தரநிலைச் சட்டம் இயற்றப்பட்டு, 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது என்ற வரலாறு அந்த இடத்தில் பொருத்தமாக வந்து அமர்ந்தது. பூக்கடையில் முழம் இன்னும் விற்பவரின் கை நீளத்தையே நம்பியிருக்கிறது என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் சொன்னார். அதற்குச் சிரிப்பைத் தவிர வேறு விடை கிடைக்கவில்லை.

1999 செப்டம்பரில் நாசாவின் செவ்வாய்க் கலம் ஒன்று தொலைந்துபோனதையும் குறிப்பிட்டார்கள். உந்துவிசைத் தரவை ஒரு தரப்பு பவுண்டு விசையிலும் மறுதரப்பு நியூட்டனிலும் கொண்டதால் 4.45 மடங்குப் பிழை ஏற்பட்டு, கலம் திட்டமிட்டதைவிட மிகத் தாழ்வாகச் சென்று செவ்வாயின் வளிமண்டலத்தில் சிக்கியது. மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் இஸ்ரோ வளாகம் இருக்கும் மாவட்டத்தில் இதை இன்னும் விரிவாகச் சொல்லியிருக்கலாம். ஐந்து நிமிடத்தில் கடந்துவிட்டார்கள்.

இனி குறைகள். காரண அறிவுப் பகுதியை வேறோர் ஆசிரியர் நடத்துகிறார். முதற்பகுதியில் கற்ற சிந்தனை ஒழுக்கம் அங்கே காணாமல் போகிறது. எண் தொடர்களை ‘வகை 1, வகை 2’ என்று அடுக்கி, வகையைக் கண்டுபிடித்தால் விடை என்று முடித்துவிடுகிறார். 1, 2, 4, 8, 16 என்று தொடரும் வரிசையில் அடுத்தது 32-தான் என்று எப்படி உறுதியாகச் சொல்வது என ஒரு மாணவி கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு வட்டத்தின் மேல் புள்ளிகளை வைத்து, எந்த மூன்று நாண்களும் ஒரே இடத்தில் வெட்டாதபடி எல்லாப் புள்ளிகளையும் இணைத்தால் வட்டம் பிரியும் துண்டுகள் இதே 1, 2, 4, 8, 16 என்றுதான் தொடங்குகின்றன. ஆறாவது புள்ளியில் 31 வருகிறது. தொடர் வினாவில் கேட்கப்படுவது எளிமையான விதி என்ன என்பதே என்று ஒரு வரியில் நேர்மையாகச் சொல்லியிருந்தால் போதும். “டைம் வேஸ்ட் பண்ணாதீங்கம்மா” என்பது அவருக்குக் கிடைத்த பதில். பகடை, திசை, உறவுமுறை வினாக்களும் இதே தரம். உறவுமுறை வினாக்களில் மாமா, சித்தப்பா, பெரியப்பா என்று தமிழில் தெளிவாகப் பிரிந்து நிற்கும் உறவுகளை எல்லாம் ‘அங்கிள்’ என்ற ஒரே பெட்டிக்குள் போட்டு விளக்குவதைக் கேட்கச் சகிக்கவில்லை.

வகுப்புத் தரும் அச்சிட்ட குறிப்பேடு கவனமின்றித் தயாரிக்கப்பட்டது. அலகுக்கு இவ்வளவு முக்கியத்துவம் தரும் இடத்தில் சதுர மீட்டரைக் குறிக்கும் ‘ச.மீ.’ பல பக்கங்களில் ‘செ.மீ.’ என்று அச்சாகியிருப்பது மன்னிக்க முடியாதது. ரயில் கணக்குகளில் எல்லா ரயில்களும் 120 மீட்டர் நீளமே உள்ளன. இன்றைய பெட்டி ஒன்றே ஏறத்தாழ 24 மீட்டர் எனும்போது, 20 பெட்டிகளுக்கு மேல் இழுத்துக்கொண்டு சென்னைக்குப் புறப்படும் நெல்லை எக்ஸ்பிரஸ் அரைக் கிலோமீட்டரைத் தொடும். விடை நடைமுறைக்கு ஒத்துவருகிறதா என்று கடைசியில் சரிபாருங்கள் எனக் கற்பிப்பவர்கள், தங்கள் வினாக்களையும் அதே கண்ணால் பார்த்திருக்கலாம்.

இந்த முறை மெதுவானது, தேர்வுக்கு உதவாது என்பது வெளியில் இவ்வகுப்பைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் குற்றச்சாட்டு. மூன்று மணி நேரத்தில் 200 வினா என்றால் ஒரு வினாவுக்கு 54 விநாடிதான் என்பது உண்மை. ஆனால் அது சராசரி மட்டுமே. 25 கணக்குகளுக்கும் தலா இரண்டு நிமிடம் ஒதுக்கினாலும் 50 நிமிடமே ஆகும். எஞ்சிய 175 வினாக்களுக்கு 130 நிமிடம், அதாவது ஒன்றுக்கு ஏறத்தாழ 45 விநாடி கிடைக்கிறது. தமிழ் இலக்கண வினாவுக்கு விடை தெரிந்தவருக்கு அதில் பாதிகூடத் தேவைப்படாது. ஆகவே அலகை எழுதிப் பொறுமையாகப் போட நேரம் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். இந்தச் சிறு கணக்கைக்கூட வகுப்பில் யாரும் போட்டுக் காட்டவில்லை என்பதும், கடிகாரம் வைத்து முழு மாதிரித் தேர்வு நடத்தவில்லை என்பதும் எனக்கு உண்மையான ஏமாற்றம். ஓ.எம்.ஆர். தாளில் பயிற்சி வேண்டுவோர் அதை வேறிடத்தில்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

பத்தாம் வகுப்போடு கணக்கைக் கைவிட்டு, பத்தாண்டு கழித்துத் தேர்வுக்குத் திரும்புவோர்க்கும், குடும்பப் பொறுப்புகளுக்கிடையே படிக்கும் பெண்களுக்கும் இந்த வகுப்பு நன்றாகப் பொருந்தும். சதவீதம், விகிதம் எல்லாம் ஏற்கெனவே விரல்நுனியில் வைத்திருப்பவர்கள் முதல் மாதத்தில் சலித்துப்போவார்கள். கட்டணம் சுற்றியுள்ள வகுப்புகளைவிடச் சற்றுக் குறைவு, தவணையாகவும் செலுத்தலாம். மாடியில் தகரக் கூரை என்பதால் சித்திரை, வைகாசியில் மின்விசிறி இருந்தும் உட்கார முடியாது. ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் கூட்டம் மிகுதி, பின்வரிசைக்குப் பலகை தெரியாது. வார நாள் மாலைக் குழுவையே கேட்டு வாங்குங்கள். பணம் கட்டுமுன் ஒரு வகுப்பில் அமர்ந்து பார்க்க அனுமதிக்கிறார்கள். அது எந்த ஆசிரியரின் வகுப்பு என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.