தண்ணீர் போன வழியே ரோம்

கன்னியாகுமரி மாவட்டத்தில், கால்வாய்த் தண்ணீரைத் தூண்கள்மேல் கொண்டுபோகும் மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. பட்டணங்கால்வாயில் 31 வருடம் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மதகு திறப்பது, அடைப்பது, கரை கசிந்தால் மேலே தகவல் சொல்வது, ராத்திரியில் யாராவது ஓஸ் போட்டு உறிஞ்சினால் போய் நிறுத்துவது, இதுதான் வேலை. மகள் ரோமில் நர்ஸ். போன அக்டோபரில் எங்கள் இருவரையும் கூப்பிட்டாள். களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினோம்; மூன்று வாரம் இருந்தோம். அவளுக்கு டியூட்டி. பகலெல்லாம் நானும் வீட்டுக்காரியும்தான். பிள்ளை சம்பாதித்த காசை டிக்கெட்டுக்குச் செலவழிக்க மனசில்லாமல் காசு கேட்காத இடங்களாகவே போனோம். நம் பக்கத்திலிருந்து பிள்ளைகளைப் பார்க்க அங்கே போகிறவர்கள் அதிகம். அவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் நாளே ஒரு தவறு செய்தோம். இடிபாடுகள் பக்கம் ஒரு வண்டிக்காரரிடம் அரை லிட்டர் தண்ணீர் 3 யூரோ கொடுத்து வாங்கினோம். இருபது தப்படி தள்ளி நல்ல தண்ணீர் சும்மா கொட்டிக்கொண்டிருந்தது. இடுப்பளவு உயரத்தில் இரும்பு வார்ப்புக் குழாய். வளைந்த மூக்கு போல முனை நீட்டிக்கொண்டிருப்பதால் 'நசோனே', அதாவது பெரிய மூக்கு, என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். 1874-இல் வைக்கத் தொடங்கினார்களாம். இன்று ஊர் முழுக்கச் சுமார் 2,500 இருக்கின்றன. மூடுகிற திருகே இல்லை, ராவும் பகலும் ஓடுகிறது. எனக்கு மனசு பதறிவிட்டது. ஓடிக்கொண்டே இருந்தால்தான் குழாய்க்குள் தண்ணீர் தேங்காது என்று மகள் விளக்கிய பிறகுதான் சமாதானம். முனையை விரலால் அடைத்தால் மேலே உள்ள சின்னத் துளை வழியாகத் தண்ணீர் எழும்பி வரும், குனியாமல் குடிக்கலாம். நல்ல குளிர்ச்சி. சுண்ணாம்புச் சத்து கொஞ்சம் கூடுதல், கெட்டிலில் வெள்ளையாகப் படியும். அது ஒன்றுதான் குறை.

அப்புறம் திரேவி நீரூற்று. கூட்டத்துக்குள் நுழையாமல் மேலே தெருவில் நின்றே பார்த்தோம். சிற்பம் அழகுதான். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அதற்குத் தண்ணீர் வரும் வழி. கி.மு. 19-இல் ரோமத் தளபதி அக்ரிப்பா கட்டிய விர்கோ கால்வாயின் வழியில்தான் அது இன்றும் வருகிறது. இருபது கிலோமீட்டருக்கு மேல், பெரும்பாலும் மண்ணுக்கடியில்; மொத்த இறக்கம் வெறும் 4 மீட்டர். வாட்டம், அதாவது சரிவு, பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று கால்வாயில் வேலை செய்தவனுக்குத் தெரியும். ஒரு சாண் பிசகினாலும் எங்கேயாவது தேங்கும். கருவி எதுவும் பெரிதாக இல்லாத காலத்தில் அதைச் செய்திருக்கிறார்கள்.

அதே கால்வாயைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? திரித்தோனே தெருவில் ரினாஷென்தே என்ற பெரிய கடைக்குப் போங்கள். 2017-இல் திறந்தது. விலையைப் பார்த்தால் நாம் வாங்கும் கடை இல்லை, ஆனால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். நேராகக் கீழ்த்தளத்துக்கு இறங்கினால் பழைய கால்வாயின் 15 வளைவுகள், சுமார் 60 மீட்டர் நீளத்துக்கு அப்படியே நிற்கின்றன. ஒரு பைசா வாங்குவதில்லை. நான் அங்கே ஒரு மணி நேரம் நின்றேன்.

எல்லாவற்றிலும் எனக்கு மேலானது போர்த்தா மஜ்ஜோரே. டிராம் ஓடும் சந்திப்பில், சாலை நடுவே நிற்கும் கல்வாசல். அதன் தலைக்கு மேல் இரண்டு கால்வாய் ஒன்றின்மேல் ஒன்றாகப் போயிருக்கிறது, கீழே கிளவுதியா, மேலே அனியோ நோவுஸ். வெட்டுமுகத்தில் இரண்டு ஓட்டைகளும் தெளிவாகத் தெரியும். மேலே பெரிய எழுத்தில் மூன்று கல்வெட்டு. மகளுக்குத் தெரிந்த கன்னியாஸ்திரி, சிஸ்டர் ஒருவர், லத்தீன் படித்தவர். அவர்தான் வாசித்துச் சொன்னார். பேரரசர் கிளவுதியுஸ் கி.பி. 52-இல் கட்டி முடித்தது ஒன்று. தண்ணீர் வராமல் ஒன்பது வருடம் பாழாய்க் கிடந்ததைப் பின்னால் வந்த பேரரசர் வெஸ்பாசியன் 71-இல் சரி செய்தது அடுத்தது. பத்து வருடம் கழித்து அவர் மகன் தீத்துஸ் மறுபடி பழுது பார்த்தது மூன்றாவது. நம்மூரில் திறப்பு விழாக் கல்லைத்தான் பார்த்திருக்கிறேன். பழுது பார்த்ததைக் கல்லில் வெட்டி வைத்ததை அங்கேதான் முதல்முதலாகப் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது. கி.பி. 97-இல் ரோமின் தண்ணீர் அதிகாரியாக இருந்த ஃபிரோந்தினுஸ் என்பவர், ஆட்கள் குழாயைத் துளைத்துத் தண்ணீர் திருடுவதை எழுதி வைத்திருக்கிறார் என்றும் சிஸ்டர் சொன்னார். சரி, கடைமடைக்குத் தண்ணீர் சேராத கதை அங்கேயும் இருந்திருக்கிறது.

கோயில்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். புனித பேதுரு பேராலயத்துக்குள் போகக் காசில்லை, இறந்த இயேசுவை மரியாள் மடியில் ஏந்தியிருக்கும் மிக்கேலாஞ்சலோவின் 'பியெத்தா' சிலை உள்ளேதான் இருக்கிறது. சோதனை வரிசை நீளம், காலையிலேயே போய்விடுங்கள். தோளும் முட்டும் மூடியிருக்க வேண்டும். திருவட்டாறு பெருமாள் கோயிலில் சட்டையைக் கழற்றிவிட்டு நுழைகிற நமக்கு இது நேர்மாறு. சான் பியெத்ரோ இன் வின்கோலி என்ற கோயிலில் மிக்கேலாஞ்சலோ செதுக்கிய மோசே சிலை இருக்கிறது, அதற்கும் கட்டணமில்லை, மத்தியானம் அடைத்துவிடுவார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு கொலோசியம் இலவசம், ஆனால் அன்றைக்குக் கூட்டம் தாங்காது, மூட்டுவலிக்காரர்கள் வெளியே நின்று பார்த்தால் போதும். பழங்கால ரோமக் கோயிலான பாந்தியோன் முன்பு இலவசம், 2023 ஜூலையில் 5 யூரோ கட்டணம் வைத்தார்கள்.

கருங்கல் பாவிய தெருக்கள் காலைப் பதம் பார்த்துவிடும், பட்டைச் செருப்பு வேண்டாம். பொதுக் கழிப்பிடத்துக்குப் பல இடங்களில் காசு கொடுக்க வேண்டும். இதில் கொஞ்சம் எரிச்சல்தான்.

கால்வாய்ப் பூங்காவை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மெட்ரோ 'ஏ' வழியில் ஜூலியோ அக்ரிகோலா நிலையத்தில் இறங்கிப் பத்து நிமிட நடை. நான் போனபோது டிக்கெட் 1.50 யூரோ, 100 நிமிடம் செல்லும். பூங்காவுக்குக் கட்டணமும் இல்லை, வேலியும் இல்லை. புல்வெளி நடுவே கிளவுதியாவின் வளைவுகள் வரிசையாகப் போகும். எங்கள் தொட்டிப்பாலத்துக்கு 28 தூண், நூறடிக்கு மேல் உயரம், 1966-இல் வந்தது. இந்த வளைவுகளுக்கு வயது இரண்டாயிரம் நெருங்குகிறது. தூணுக்கடியில் உட்கார்ந்து மகள் கட்டிக் கொடுத்த பொதிச்சோற்றைப் பிரித்தோம். வீட்டுக்காரி அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதுல கசிவு வந்தா எந்தப் பக்கமா ஏறிப் பாப்பாங்க?" என்று கேட்டாள். இருட்டும்வரை நாங்கள் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.