லான்ஜோ நூடுல்ஸ்: லான்ஜோவிலா, வெளியூர்க் கடையிலா?

ஷாங்காய், குவாங்சோ என்று சீனாவில் எந்தப் பெரிய ஊருக்குப் போனாலும் ஒரு ‘லான்ஜோ லாமியன்’ பலகை கண்ணில் படும். லாமியன் என்றால் கையால் இழுத்த நூடுல்ஸ், லான்ஜோ என்பது வடமேற்குச் சீனாவின் கான்சு மாகாணத்துத் தலைநகர். அந்தக் கடைகளில் பெரும்பாலானவற்றை நடத்துபவர்கள் லான்ஜோக்காரர்கள் அல்ல. பக்கத்து மாகாணமான சிங்ஹாயில் உள்ள ஹுவாலோங்கிலிருந்து 1980களின் பிற்பகுதி முதல் பிழைப்புத் தேடிக் கிளம்பியவர்கள். லான்ஜோக்காரர்களுக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. அவர்கள் சண்டை இருக்கட்டும், நாம் எங்கே சாப்பிடுவது?

சூப்புக்காகத்தான் போகிறீர்கள் என்றால் லான்ஜோவேதான். 1915இல் மா பாவ்சி என்பவர் பிரபலப்படுத்தியதாகச் சொல்லப்படும் இந்த மாட்டிறைச்சி நூடுல்ஸ் அங்கே முதன்மையாகக் காலை உணவு. மதியம் தாண்டினால் பல கடைகளில் அண்டா காலி. கல்லாவில் காசு கட்டி, சீட்டைச் சமையலறை ஜன்னலில் நீட்டி, எந்தத் தடிமன் வேண்டும் என்று சொல்ல வேண்டும். உள்ளே மாஸ்டர் எண்ணெய் தடவிய மாவுத் துண்டை இழுப்பார், மடிப்பார், மறுபடி இழுப்பார். நடுநடுவே பலகையில் படீரென்று ஓர் அடி. மடிக்க மடிக்க இழை இரட்டிப்பாகி, ஏழாவது மடிப்பில் 128. மாவு அறுந்துபோகாமல் நீள்வதற்கு முன்பெல்லாம் ஒரு வறண்ட நிலத்துச் செடியை எரித்த சாம்பலைச் சேர்த்தார்கள். இப்போது அதற்குப் பாக்கெட் பொடி வந்துவிட்டது.

தெளிந்த சூப், வெள்ளை முள்ளங்கி, சிவந்த மிளகாய் எண்ணெய், பச்சையாக மல்லித்தழையும் பூண்டுத் தாளும், மஞ்சள் நூடுல்ஸ்: இந்த ஐந்தும் இருந்தால்தான் கிண்ணம் முழுமை என்பது அவர்கள் கணக்கு. ஆசைப்பட்டு முடிபோல மெல்லியதைக் கேட்காதீர்கள், பாதி சாப்பிடுவதற்குள் ஊறிப்போகும். ‘எர்ஸி’ என்று கேளுங்கள். கொஞ்சம் உருண்டு திரண்டு, பல்லுக்கு வேலை வைக்கும். இறைச்சி மேலே தூவிய சின்னத் துண்டுகள்தான். வயிறு நிறைய வேண்டுமென்றால் தனித் தட்டில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

வெளியூர்க் கடையில் இறைச்சி இன்னும் மோசம், கண்ணாடித் தாள் கனத்தில் சீவிப் போடுவார்கள். சூப்பும் லான்ஜோ அளவுக்கு ருசிக்காது. ஆனால் இரவு எட்டு மணிக்குப் பசித்தால் திறந்திருப்பது அதுதான். சுவரெல்லாம் படம் போட்ட பட்டியல் இருக்கும், மொழி தெரியாவிட்டாலும் விரலை நீட்டினால் போதும். கத்தியால் சீவிய நூடுல்ஸ், வதக்கிய நூடுல்ஸ், நாலு பேர் சேர்ந்து போனால் பெரிய தட்டில் கோழியும் உருளைக்கிழங்கும்! வதக்கிய நூடுல்ஸ் விஷயத்தில் என் ஓட்டு தயங்காமல் இவர்களுக்கே.

இரண்டு இடத்திலும் சமைப்பவர்கள் பெரும்பாலும் சீன மொழி பேசும் ஹுய் முஸ்லிம்கள் என்பதால் பன்றி இறைச்சி இருக்காது. பீரை எதிர்பார்த்தும் போகாதீர்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்கு லான்ஜோ கடையில் அநேகமாக ஒன்றும் தேறாது. வெளியூர்க் கடையில் தக்காளி முட்டை நூடுல்ஸ் உண்டு. ஆனால் அதிலும் எலும்புச் சூப்பை ஊற்றிவிடலாம், அதனால் முட்டை வறுத்த சோறு வாங்குவது உத்தமம்.