பேண்ட்கேம்ப்: பாடியவர் கைக்குக் காசு போகிற கடை

இசைக்கலைஞர்கள் தங்கள் பாட்டை ரசிகர்களுக்கு நேரடியாக விற்கிற இணையதளம் பேண்ட்கேம்ப். நான்கு வருடமாக அதில் பாட்டு வாங்குகிறேன். சந்தா கட்டினால் எல்லாப் பாட்டும் கிடைக்கும்போது எதற்குத் தனியாகக் காசு கொடுக்கிறாய் என்று வீட்டில் இன்னும் கேட்கிறார்கள்.

ஸ்பாட்டிஃபை மாதிரி இணையத்திலேயே பாட்டுக் கேட்கிற ஸ்ட்ரீமிங்கில் நாம் கட்டும் சந்தா நாம் கேட்ட ஆட்களுக்கு அப்படியே போவதில்லை. எல்லாருடைய பணமும் ஒரே உண்டியலில் விழும், மொத்தக் கேட்பில் யாருக்கு எத்தனை பங்கோ அந்தக் கணக்கில் பிரிப்பார்கள். மாதம் முழுக்க ஒரு சின்னக் குழுவை மட்டுமே நான் கேட்டாலும் என் காசில் பெரும்பகுதி நான் கேட்டேயிராத நட்சத்திரங்களுக்கும் அவர்களுடைய கம்பெனிகளுக்கும் போய்விடும். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு ஒரு தடவை ஓடினால் சுமாராக ஒரு சென்ட்டில் மூன்றில் ஒரு பங்குதான் தேறும், அதுவும் முதலில் பாட்டின் உரிமையாளருக்கு, அப்புறம்தான் பாடியவருக்கு. 2024இலிருந்து 12 மாதத்தில் 1000 தடவை ஓடாத பாட்டுக்கு ஒலிப்பதிவு ராயல்டியே கிடையாது. அமெரிக்க இசைக்கலைஞர்கள் 2020இல் ஆரம்பித்த சங்கம் கேட்பது ஒரு தடவைக்கு ஒரே ஒரு சென்ட். அதற்காக 2021 மார்ச்சில் பல நாடுகளில் ஸ்பாட்டிஃபை அலுவலக வாசலில் போய் நின்றார்கள். இது பேராசையா, நீங்களே சொல்லுங்கள்.

பேண்ட்கேம்ப்பில் கணக்கு வெளிப்படையானது. டிஜிட்டல் ஆல்பத்துக்கு அவர்கள் எடுப்பது 15 சதவீதம், கேசட், டீ-சர்ட் மாதிரி பொருளுக்கு 10. ஏழு டாலர் ஆல்பம் வாங்கினால், பணப் பரிமாற்றக் கட்டணமும் போகச் சுமார் ஐந்தரை டாலர் விற்றவருக்கு. அதே தொகை ஸ்ட்ரீமிங்கில் வர 1600 தடவைக்கு மேல் ஓட வேண்டும். விலைப் பெட்டியில் கேட்டதற்கு மேலும் போடலாம். போன மாதம் ஏழு டாலர் ஆல்பத்துக்குப் பத்து என்று அடித்தேன். கீழே குழுவுக்கு ஒரு வரி எழுத இடம் இருக்கிறது, 'மூன்றாவது பாட்டின் வயலினுக்காக' என்று எழுதினேன். பணம் கட்டியதும் ஃப்ளாக் (ஒலித்தரம் குறையாத ஃபைல்), எம்பி3 என்று எது வேண்டுமோ இறக்கிக்கொள்ளலாம். ஃபைல் நம்முடையது, சந்தா நின்றாலும் போகாது.

குறையும் இருக்கிறது. சினிமாப் பாட்டைத் தேடி இங்கே வராதீர்கள், பெரும்பாலும் கிடைக்காது. அதைவிட என்னை உறுத்துவது வேறு. 2022இல் எபிக் கேம்ஸ் என்ற வீடியோ கேம் கம்பெனி பேண்ட்கேம்ப்பை வாங்கி, அடுத்த வருடமே சாங்ட்ரேடர் என்ற இசை உரிமக் கம்பெனிக்கு விற்றது. கைமாறியபோது ஊழியர்களில் பாதிப் பேருக்கு வேலை போயிற்று, அதுவும் அவர்கள் சங்கம் அமைத்த அதே வருடம். கலைஞருக்கு நியாயமான கூலி என்று பேசுகிற இடத்தில் இது நடந்திருக்கவே கூடாது. அதனால் ஐந்துக்கு நான்குதான் கொடுப்பேன்.

வாங்குவதாக இருந்தால் பேண்ட்கேம்ப் ஃப்ரைடே அன்று வாங்குங்கள். 2020 மார்ச்சில், கச்சேரிகள் நின்றுபோன நேரத்தில் ஆரம்பித்தது, அன்றைக்கு அவர்கள் தங்கள் பங்கை எடுப்பதில்லை. எல்லா மாதமும் வராது, தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். கலிபோர்னியா நேரம் என்பதால் நம்மூரில் வெள்ளி மதியம் ஆரம்பித்து சனி மதியம் வரை. கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முதல் நாளே திறந்து வைத்துவிடுங்கள்.